கோல் போஸ்டில் யார் நிற்பது

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டுவலி குறைந்ததா? அப்பா மறுபடி கடலுக்குப் போகிறாரா? நான் சுகமாக இருக்கிறேன். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

லீக் தொடங்கும் முன் எங்கள் கல்லூரி கால்பந்து அணியில் ஒரு வழக்கம். ஒவ்வொரு இடத்துக்கும் முதல் ஆள் யார், அடுத்த ஆள் யார் என்று எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். பேச்சில் அடிபடுகிறவன் வாய் திறக்கக் கூடாது, எழுந்தும் போகக் கூடாது.

நேற்று கோல்கீப்பர் பேச்சு வந்தது. நானா, ஜோகுபாளையத்து க்ளென்னா? பாதிப் பேர் என் பக்கம். கடைசியில் என் ரூம்மேட் மஞ்சுநாத் எழுந்தான். அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"சார், சஜின் நல்லா பிடிப்பான். ஆனா விரல்ல அடிபட்டதுல இருந்து பந்து வந்தா கண்ண மூடுறான். க்ளென் நிக்கட்டும்."

கோச் நோயல் சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மஞ்சு சொன்னது பொய்யில்லை அம்மா. விரலில் சின்ன வீக்கம்தான், வடிந்துவிட்டது. அறைக்குத் திரும்பியதும் அவனே எனக்குச் சாப்பாடு வாங்கி வந்தான். சாப்பிட்டேன்.

மேட்ச் பார்க்க வரும்போது நெத்திலிக் கருவாடு கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுவாருங்கள், அவனுக்கும் பிடிக்கும்.

பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள். முதல் மேட்சுக்கு வேன் பிடித்து ஊரையே கூட்டி வருவதாக அப்பா சொன்னாரே, அது வேண்டாம். நீங்கள் இருவர் மட்டும் வாருங்கள். கொஞ்சம் சீக்கிரமாகவே மைதானத்துக்கு வந்துவிடுங்கள். மேட்ச் தொடங்குவதற்கு முன் க்ளென்னுக்குக் கை சூடாகப் பந்து போடுவார்கள். நடுவில் கொஞ்ச நேரம் என்னையும் நிற்கவிடுவார்கள். அப்போது நான் நிற்பதைப் பார்க்கலாம்.

உங்கள் மகன்
சஜின்