மச்சானுக்கும் சொன்ன கதை

அக்கா,

டியூஷன் வகுப்பு எடுக்க முதல் பஸ்ஸில் போகிறேன். ரொட்டியும் கட்டச் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். கஜேந்திரன் பத்து மணிக்கு வந்தால் ஃபிளாஸ்கில் பிளேன்டீ இருக்கிறது. உங்கள் நிச்சயம் முடிந்தும் அவரை மச்சான் என்று கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரவில்லை. சாவியைப் பக்கத்து வீட்டுப் பெரியாயி மாமியிடம் கொடு.

நீ பார்த்த, வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டக் கதை சொல்லும் டிவி நாடகத்தின் தொடர்ச்சி படமாக வந்திருக்கிறது. நீ அவரோடு பதுளைக்குப் போய்ப் பார். அதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மூன்று இரவாக அவருக்குப் புரியட்டும் என்று ஃபோனில் முதலிலிருந்து கதை சொல்கிறாய். "சின்னத்துரை குதிரையில வாரான், இவ கூடையோட நிக்கிறா. ஐயோ, அது யாருன்னு எத்தன தரம் சொல்றது உங்களுக்கு?" என்று சிரிக்கிறாய். நான் கம்பஸில் இருந்தபோது இரவு இரவாக ஃபோனில் எனக்குச் சொன்ன கதை அது. குரலும் அதேதான்.

எனக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

நிஷாந்தினி

பி.கு. குடை கதவுக்குப் பின்னால் இருக்கிறது.

இன்னொன்று, நேரில் சொல்ல வெட்கம். ஹொஸ்டலில் டிவி இருந்தது. நானும் அந்த நாடகத்தை ஒரு நாள்கூட விடாமல் பார்த்தேன். பார்க்கவில்லை என்று உன்னிடம் சொன்னது, நீ சொல்லிக் கேட்கத்தான்.