சாமை-2 யாருடையது?

நேற்று காலை, மலையில் வீட்டிலிருந்தே வேலையைத் திறந்தபோது, திரையில் 'சாமை-2' என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. பக்கத்தில் வைத்த டீ ஆடை கட்டிப்போயிற்று. சர்வருக்குத் தானியத்தின் பெயரை வைக்கிற பைத்தியம் நம் கம்பெனியிலேயே நீ ஒருத்திதான். எங்கள் மலையில் விளைவதையெல்லாம், ஒடுகத்தூர்க்காரியான நீ, சர்வருக்குச் சூட்டி என்னைச் சீண்டுவாய். அந்தப் பெயருக்கு எதிரே உரிமையாளர் என்ற கட்டம் காலியாக இருந்தது. கடைசிக் கட்டத்தில், 'இன்று மாலை நான்கு மணிக்கு அழிக்கப்படும்' என்று இருந்தது.

நீ போன பிறகு வந்த ஏற்பாடு இது. கிளவுடில் நம் கம்பெனி பெயரில் ஓடுகிற சர்வர்களையெல்லாம் ஒரு மென்பொருள் தானாகவே தேடிப் பிடிக்கிறது. பிடித்ததை நம் பதிவேட்டோடு ஒத்துப்பார்க்கிறது. எது எங்கே ஓடுகிறது, யார் பொறுப்பு, எது நின்றால் எது நிற்கும் என்று நான் உயிரைக் கொடுத்துக் கட்டிக்காக்கும் அதே பதிவேடுதான். அதில் இல்லாத சர்வருக்கு ஏழு நாள் கெடு. யாரும் வந்து கேட்காவிட்டால் அழித்துவிடும். கேட்பாரற்ற சர்வர் திருடனுக்குத் திறந்து வைத்த கதவு என்று மீட்டிங்கில் முழங்கி இந்த விதியை எழுதியவள் நான். எழுதிவிட்டு அறுப்புக்கு லீவு போட்டுவிட்டு, ஏழாம் நாள் வந்து பட்டியலைத் திறக்கிறேன்.

சாமை-2-இல் உரிமையாளர் என்று நீ உன் ஊழியர் எண்ணைத்தான் ஒட்டியிருந்தாய். நீ இறந்ததும் அந்த எண்ணை நீக்கிவிட்டார்கள். மென்பொருளுக்கு நீ யாரோ எவரோ.

நாம் வேலை செய்த லட்சணம் யாருக்கும் தெரியாது. நீ சர்வரை ஏற்றுவாய். உடனே எனக்குப் போன். "ஏய், புதுசா ஒண்ணு ஏத்திக்கிறேன், எழுதிக்கோ." உனக்காக நான் உட்கார்ந்து பதிவேட்டில் ஏற்றுவேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், எழுதாமல் விட்டதை நாளைக்கு எவள் தேடுவாள் என்று கத்துவேன். "இன்னாத்துக்குக் கத்துற? எழுதத்தான் நீ கீறியே" என்பாய். திட்டிக்கொண்டே எழுதுவேன்.

ஒருநாள் ஒரு சர்வர் விட்டுப்போயிற்று. நீ எனக்குச் சொல்ல மறந்தது. பத்துப் பேர் இருந்த மீட்டிங்கில் மேலாளரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீ வாயைத் திறக்கவில்லை. அன்று மத்தியானமே உன்னைக் கூப்பிட்டேன். "இனிமே உன்னுது நீயே எழுதிக்கோ. எனக்குப் போன் பண்ணாத." "சரிடி" என்றாய். முன்கோபம் எங்கள் வீட்டுச் சொத்து. உன் மின்னஞ்சல்களையெல்லாம் கண்ணில் படாத தனி ஃபோல்டருக்குப் போகும்படி செய்துவிட்டேன்.

சாமை-2 அதற்குப் பிறகு நீ ஏற்றியது. அது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்கே தகவல் அனுப்புகிறது என்று பின்தொடர்ந்து போனேன். அடிவாரத்தில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் லேபில் போய் நின்றது. நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசும்போது மணி இரண்டரை. நான்கு மணிக்கு அது அழிந்துவிடும் என்றதும் லேப்காரர் பதறிவிட்டார்.

"மேடம், அத்த நிறுத்திடாதீங்க. மலைமேல எடுக்குற ரத்தத்துக்கு ரிசல்ட்டு அதுலதாங்க டாக்டருக்குப் போவுது. மாசமா இருக்குற பொண்ணு ஒண்ணு, ரத்தம் ரொம்பக் கம்மின்னு நர்ஸ் சொல்றாங்க. அஞ்சு மணிக்கு ரிசல்ட்டப் பார்த்துட்டுதான் கீழ இட்டாரதா வேணாமான்னு டாக்டர் சொல்லுவாரு."

எந்த ஊர் என்று கேட்டேன். எங்கள் ஊரிலிருந்து மூன்றாவது ஊர்.

மேலாளரைக் கூப்பிட்டேன். "சார், இன்னிக்கு ஒருநாள் அழிக்கறத நிறுத்தி வைங்க."

"எப்படிம்மா? விதிவிலக்கே கூடாதுன்னு எழுதினது நீங்கதானே? பதிவேட்டுல ஏத்துங்க. வந்த உடனே அப்ரூவ் பண்றேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. என் வினைதான் என்னைச் சுட்டது. பதிவேட்டைத் திறக்கப் போனேன், கரண்ட் போயிற்று. மழை வேறு. புதூர்நாட்டுப் பக்கம் கரண்ட் போனால் கூடவே சிக்னலும் போகும், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேப்டாப்பைச் சாமை மூட்டைக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வராந்தாவில் சிக்னல் இரண்டு கோடு காட்டியபோது மணி மூன்று இருபது.

சாமை-2 என்று அடித்தேன். 'இந்தச் சர்வருக்கு ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் நிலுவையில் உள்ளது' என்றது. திறந்தேன். நீ அனுப்பியது. நம் சண்டைக்கு நாலு நாள் கழித்து. யாருடைய ஒப்புதலுக்காக நிற்கிறது என்று பார்த்தால், என்னுடையது. அதைச் சொன்ன மின்னஞ்சல் நான் ஒதுக்கிய ஃபோல்டரில் கிடந்திருக்கிறது.

ஒரு கட்டம்கூட நிரப்பத் தெரியாதவள் அத்தனையும் நிரப்பியிருந்தாய். இது நின்றால் என்ன நிற்கும் என்ற இடத்தில், 'மலையில் ரத்தம் கொடுத்தவர்களுக்கு முடிவு தெரியாது' என்று எழுதியிருந்தாய். நீங்கள் இல்லாதபோது யாரை அழைப்பது என்ற இடத்தில் என் பெயர், என் நம்பர். அதற்குக் கீழே குறிப்பு: 'இப்ப கோவமா கீறா. ஆனா போன் எடுத்துடுவா.'

எடுக்கவில்லையேடி. காய்ச்சலென்று படுத்த இடத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டாய். மூன்றாம் நாள் உன் அண்ணன்தான் கூப்பிட்டார்.

அழ நேரமில்லை. ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன். 'விண்ணப்பதாரர் பணியில் இல்லை' என்று திருப்பி அனுப்பியது. மறுபடி அழுத்தினேன், அதே பதில். ஒரே வழிதான் இருந்தது. உன் விண்ணப்பத்தை நான் நிராகரிக்க வேண்டும், பிறகு என் பெயரில் புதிதாகப் போட வேண்டும். மணி மூன்று நாற்பத்தொன்று. நீ முதன்முதலாக உட்கார்ந்து எழுதியதை நிராகரி என்று அழுத்த விரல் மறுத்தது. அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு அழுத்தினேன்.

காரணம் எழுதாமல் விடாது அது. 'விண்ணப்பத்தில் குறையில்லை. பார்க்காமல் விட்டது நான்' என்று அடித்தேன்.

புதியதில் உன் வார்த்தைகளை அப்படியே ஒட்டினேன். குறிப்பை மட்டும் ஒட்டவில்லை, எனக்கு அந்த யோக்கியதை இல்லை. அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் ஒரு கோடானது. லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கி நின்றேன். மூன்று ஐம்பத்தாறுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. போனில் மேலாளர், "வந்துடுச்சு, பண்ணிட்டேன்" என்றார். நான்கு மணிக்கு, அழிக்க வேண்டியவற்றின் பட்டியல் புதுப்பிக்கப்பட்டபோது அதில் சாமை-2 இல்லை.

ஐந்தரைக்கு லேப்காரர் பேசினார். "டாக்டர் பார்த்துட்டாருங்க. உடனே இட்டாரச் சொல்லி ஜீப்பு போய்க்கீது."

இப்போது சாமை-2 என் பொறுப்பு. எது நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். நீ போன நாளிலிருந்தே வருகிற போன் எதையும் நான் விடுவதில்லை. தப்பான நம்பர் என்றாலும் எடுத்து, "சொல்லுங்க" என்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

உன் சாவுக்கு ஒடுகத்தூர் வந்திருந்தபோது உன் அண்ணன் கேட்டார், "உனக்குத்தாம்மா ரெண்டு தபா போன் பண்ணா, கிடைக்கலியா?" மலையில் சிக்னல் இல்லை என்று சொன்னேன். மலைக்காரி சொன்னால் அதை யார் சந்தேகப்படுவார்கள்? அவரும் தலையாட்டிக்கொண்டார். பதிவேட்டில் உண்மையை எழுதிவிட்டேன், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. போன் என் கையிலேயே இருந்தது. உன் பெயர் எரிந்து அணைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சிக்னல் நன்றாகத்தான் இருந்ததடி.