வளைவோடு நின்ற நீலக் கோடு

ஜனவரி 8

ஐந்து சுற்றில் நான்கு சரி!! திரையில் ஒரு ரோட்டுப் படம் வரும், எந்த நாடு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. மண்ணையும் வேலியையும் பார்த்தே போட்ஸ்வானா என்றேன். ஹோண்டுராஸை விட்டு ஒரு நாளும் வெளியே போகாத நான்! விளையாடுகிறவர்களின் ஆன்லைன் குழுவில் ஒரு நார்வேக்காரன், "டில்சியா, உன் ஊர் எது, காட்டு" என்றான். எதைக் காட்ட? அந்தப் படங்களை எடுக்கும் கேமரா கார் போன ரோடெல்லாம் வரைபடத்தில் நீலக் கோடாக இருக்கும். எங்கள் மலையில் ஒரு கோடுகூட இல்லை.

ஜனவரி 11

கேமரா கார் கிராசியாஸ் டவுன் வரைக்கும் வந்துவிட்டது. பெட்ரோல் பங்கில் நிற்கிறது, கூரைமேல் கம்பம், கம்பத்தின்மேல் உருண்டை. குழுவில் யாரோ படம் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து இங்கே அப்படியென்ன தூரம்!

ஜனவரி 12

ஆனால் ரோட்டில் காப்பிக் கொட்டை காய்கிறதே.

கீழே ஆற்றோரம் முழுக்கப் பண்ணைக்காரர்களின் மாடும் சோளமும். நடுச்சரிவில் பீன்ஸ். அதற்கு மேலே நாங்கள், காப்பி. எங்களுக்கும் மேலே, பனி இறங்கும் இடத்தில், கோஸ். இத்தனையும் சரிவு. சமதளம் என்று ஒன்று இருந்தால் அது இந்தத் தார் ரோடுதான். அதனால் காலையில் ஊர் ஆட்களை ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டி இறங்கிப் போனதும் ரோடு காப்பி காயப்போட. சாயங்காலம் அது திரும்பி வரும்போது அள்ளிவிட வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. கேமரா காருக்கு அது தெரியுமா?

அம்மாவிடம் கெஞ்சினேன். "உலகம் நம்ம வீட்டைப் பாக்கணுமாக்கும். பாத்துட்டு வந்து காப்பி பறிக்கப் போறாங்களா?" என்றாள். ஆனாலும் எங்கள் காப்பியை அள்ளி முற்றத்தில் பிளாஸ்டிக் தாளில் பரப்பிவிட்டாள். அம்மா அம்மாதான்.

ஜனவரி 13

பக்கத்து வீட்டுப் பாட்டி டோன்யா ஒடிலியாவிடம் போனேன். எங்கள் வீட்டுக்கு முந்தின வளைவில் ரோட்டை முழு அகலத்துக்கும் அடைத்துப் பரப்புவது அவர் ஒருவர்தான்.

"டோன்யா, ஒரு ஓரமா ஒதுக்கிப் போடுங்களேன். நாலே நாள்."

"எதுக்கு?"

"படம் புடிக்கிற கார் வருது."

"யாரைப் புடிக்க? என்னையா? பல்லே இல்லாத வாயை யாரு பாக்கப் போறா?"

"ரோட்டைப் புடிக்க."

"ரோட்டைப் புடிச்சுத் திங்கவா முடியும்? பொழப்பைப் பாரு புள்ள. சரியாக் காயாத கொட்டைக்குத் தரகன் பாதி வெலதான் தருவான். வருசத்துக்கு ஒரு தடவதான் காப்பி எனக்கு. கூட நிக்க ஆள் கிடையாது."

கதவைச் சாத்திவிட்டார். கிழவிக்குக் கல் நெஞ்சு! எழுதிவிட்டேன், இனி அழிக்க மாட்டேன்.

ஜனவரி 14

மேகம். காப்பியும் காயாது, காரும் வராது. இரண்டுக்கும் ஒரே வெயில்தான் வேண்டும்.

ஜனவரி 17

எப்படி எழுதுவது?

உச்சி வெயில். டோன்யா மேல் தோட்டத்துக்குக் கூலிக்குப் பறிப்பவர்களோடு போயிருந்தார். நான் முற்றத்திலிருந்து பார்க்கிறேன், மரங்களுக்கு மேலே ஒரு உருண்டை ஏறி வருகிறது. ஓடினேன். ஒரு காலில் செருப்பு இல்லை.

வளைவில் கார் நின்றுவிட்டது. முன்னால் டோன்யாவின் காப்பி, மஞ்சளாய், இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை. ஓட்டுநருக்கு என்னைவிட ஒரு பத்து வயது கூட இருக்கும்.

"இது உன்னோடதாம்மா?"

"இல்லண்ணே, பக்கத்து வீட்டு டோன்யாவோடது. இருங்க, அள்ளிடுறேன்!"

கிளறும் பலகை அங்கேயே கிடந்தது. தள்ளினேன். தள்ளத் தள்ளத் தீரவில்லை. அவர் வானத்தைப் பார்த்தார்.

"எனக்கு நேரமில்லம்மா. வெயில் இருக்கும்போதே அடுத்த ஊருக்குப் போகணும். அந்தம்மா இங்க இல்லையே? அப்படியே மேல ஏத்திப் போயிடுறேன். ரெண்டு டயர் தடம்தானே, நீ கிளறிவிட்டா தெரியாது."

தெரியாதுதான். உண்மையிலேயே தெரியாது. நொறுங்கிய கொட்டையைத் தரகன் கண்டுபிடிக்கும்போது நான் எங்கேயோ இருப்பேன். வளைவு தாண்டினால் எங்கள் வீடு. ரோஸ் சுவர், மாமரம், எல்லாம் வந்திருக்கும்! நான் ஏன் அப்படிச் செஞ்சேன்? யோசிக்கக்கூட இல்ல. பலகைய குறுக்கால புடிச்சுக்கிட்டு நடு ரோட்டுல நின்னுட்டேன்.

"ஏத்தாதீங்க."

"நீதானேம்மா வா வான்னு ஓடி வந்தே?"

"ஆமா. ஏத்தாதீங்கண்ணே."

அவர் சிரித்தார், கோபப்படவில்லை. காரைப் பின்னாலேயே எடுத்துப் போய், வந்த வழியே திருப்பிக்கொண்டார். நான் தள்ளியதைத் திரும்பப் பரப்பினேன். அழுதுகொண்டேதான்.

ஜனவரி 18

யாரிடமும் சொல்லவில்லை. அம்மா எதுவும் கேட்காமல் எங்கள் காப்பியை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவந்தாள்.

டிசம்பர் 15

நீலக் கோடு வந்துவிட்டது!!! பாலம் தாண்டி, பீன்ஸ் சரிவு தாண்டி, வளைவில் வந்து வெட்டினதுபோல் நிற்கிறது. எங்கள் வீடு இல்லை.

டோன்யா ஒடிலியா காப்பி அள்ளிக்கொண்டிருந்தார். வளைவின் படத்தைப் போனில் எடுத்து நீட்டினேன். கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அட, என் காப்பி! எவ்வளவு நல்லாக் காஞ்சிருக்கு பாரு. யாரு இது, மூஞ்சியே இல்லாம?"

"மூஞ்சிய மங்கலாக்கிடுவாங்க டோன்யா. எல்லாருக்கும்."

"காப்பிய மங்கலாக்கலையே, புண்ணியவானுங்க."

கட்டைவிரலால் மேலே தள்ளினார். மறுபடி தள்ளினார். "இதுக்கு மேல போக மாட்டேங்குதே. உன் வீடு அந்தப் பக்கம்தானே?"

"கார் அங்கேயே திரும்பிடுச்சு."

"ஏன்?"

நான் குனிந்து சிதறிய கொட்டைகளைப் பொறுக்கினேன். அவர் படத்தை மறுபடி கண்ணருகே கொண்டுபோனார். நடு ரோட்டில் ஒரு பெண், ஒரு காலில் செருப்பு இல்லை, கைகள் விரிந்திருக்கின்றன, பலகை குறுக்கே. போனைத் தன் பாவாடையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

டிசம்பர் 16

காலையில் பிக்கப் போனதும் வெளியே வந்து பார்த்தேன். வளைவில் டோன்யாவின் காப்பி பாதி ரோட்டில்தான் கிடக்கிறது. தடிமனாய், மேடு தட்டி. இப்படிக் கிடந்தால் காய இன்னும் இரண்டு நாள் பிடிக்கும். மறுபாதி வெறும் தார், ஒரு கார் போகிற அகலத்துக்குப் பெருக்கியிருக்கிறார்.

நான் பலகையை எடுத்துக்கொண்டு அவர் காப்பியைக் கிளறப் போனேன்.