சமையற்காரன் கையில் துப்பாக்கி

அன்பு மகன் பாண்டித்துரைக்கு அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் யாரும் நலமாக இல்லை, நீ நலமாக இருந்தால் அதுவே போதும். உன் போன் அணைந்தே கிடப்பதால் இதைப் படம் பிடித்து அனுப்புவதாக உன் தங்கை வேல்விழி சொல்கிறாள், போனுக்கு உயிர் வரும்போது படித்துக்கொள். வெளிநாட்டில் ஹோட்டல் சமையல் வேலை என்றுதானே ஏஜெண்டு உன்னைக் கூட்டிப்போனான், "கரண்டியப் பிடுங்கிட்டுத் துப்பாக்கியத் தந்துட்டாங்கப்பா" என்று நீ கடைசியாகப் பேசியதிலிருந்து உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை, பண்பொழி மலையேறித் திருமலைக் குமரனுக்கு நேர்ந்துவிட்டு வந்தாள். ஏஜெண்டு வீட்டில் பூட்டு தொங்குகிறது. நான் தென்காசி கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடக்கிறேன், "மேல எழுதியிருக்கு அண்ணாச்சி, பதில் வரணும்லா" என்கிறார்கள், அந்த மேலே எங்கே இருக்கிறதென்றுதான் தெரியவில்லை.

குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது, நான் வேலை பார்க்கும் லாட்ஜில் அறை காலியில்லை. முந்தாநாள் அங்கே டிவியில் நம் படம் போட்டான். பக்கத்து நாட்டுச் சேவல் முதலில் கூவிவிட்டதென்று ராஜா சண்டைக்குப் போவாரே, நாம் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பார்ப்போமே, அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்தான். ராஜாவை யார் பார்த்தார்கள், நமக்கு அந்தத் தொந்திச் சேனாபதியும் ஒல்லிச் சமையற்காரரும்தானே, பெயர்கூடத் தெரியாத நடிகர்கள். "உப்புப் பார்க்கத் தெரிந்தவனுக்குக் குறி பார்க்கத் தெரியாதா" என்று சேனாபதி துப்பாக்கியைத் திணிக்கிற இடம் வந்தது, அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நின்றவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் எத்தனையோ தடவை சிரித்த இடம்தான். இந்தத் தடவைதான் அந்த ஒல்லி மனிதரின் முகத்தைப் பார்த்தேன், துப்பாக்கியை வாங்கிக்கொண்டு அடுப்பை ஒருதரம் திரும்பிப் பார்க்கிறார், பாவி மனிதர் அந்தப் பார்வையை எங்கே கற்றாரோ. எழுந்துபோய் டிவியை நிறுத்திவிட்டேன். "நல்ல சீன்ல அணைச்சிட்டீயளே அண்ணாச்சி" என்று ஒருவர் சத்தம் போட்டார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று ராசா, உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. போகிற இடத்தில் வேலையில் நல்ல பேர் எடு என்று பஸ் ஏற்றும்போது சொன்னேனே, அதை மறந்துவிடு. சுடச் சொன்னால் குறி தவறட்டும், ஓடச் சொன்னால் தடுக்கி விழு, இவன் எதற்கும் லாயக்கில்லை என்று அங்கே எல்லோரும் ஏசட்டும். நல்ல பேர் மட்டும் எடுத்துவிடாதே.

திருமலைக் குமரன் உன் கூடவே இருக்கட்டும். குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொள், கிடைத்ததைச் சாப்பிடு.

ஒன்றுக்கும் உதவாதவனாகவே நீ வீடு வந்து சேர வேண்டும் என்று கும்பிடும்
உன் அப்பா,
சங்கரபாண்டி