பக்கத்து நாற்காலிக் குரல்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், இந்த முறை அது சும்மா எழுதுகிற வரி இல்லை, டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும்.

பதறாமல் உட்கார்ந்து படி. என் தொண்டையில் ஒரு சின்னக் கட்டி இருந்தது, மூன்று வாரத்துக்கு முன் எடுத்துவிட்டார்கள், சோதனைக்கு அனுப்பியதில் கெட்டது எதுவும் இல்லை என்று நேற்று முடிவு வந்துவிட்டது. அந்தத் தாளை அம்மா நாலு தடவை படித்துவிட்டு, புரியாத வார்த்தைக்கெல்லாம் என்னைத் திட்டினாள், அப்புறம் அழுதாள். உன்னிடம் மறைத்தது என் யோசனைதான், அவளை ஒன்றும் சொல்லாதே. அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தியதற்குக் கிடைத்த பரிசு இது, அங்கே எல்லோரும் எனக்குச் சங்கு என்று பேர் வைத்தது சும்மாவா. மூன்று வாரம் வாயைத் திறக்கவே கூடாது என்று உத்தரவு. அதனால்தான் நீ ஞாயிறு தவறாமல் கூப்பிட்டபோது அப்பா குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சமாளித்தாள். போன ஞாயிறு நீ, "அப்பாவுக்கு இன்னும் எம்மேல கோபமாம்மா?" என்று கேட்டாயே, அப்போது நான் அவள் தோளுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். சொல்லாமல் வேலையை விட்டாய் என்று நாம் கடைசியாகப் பேசியபோது கத்தினேன்தான், ஆனால் போனை வைத்த அரை மணி நேரத்தில் அந்தக் கோபம் போய்விட்டது. இல்லை என்று தலையைத் தலையை ஆட்டினேன், அது உனக்கு எப்படித் தெரியும். கத்தி வைத்த இடத்தைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

சரி, இப்போது நீ சிரிக்கப்போகிற விஷயம். வாய் மூடிக் கிடந்த நாட்களில் பொழுது போகாமல் உன் அறையில் உட்கார்ந்திருந்தேன். நீ விட்டுப்போன ஜாஸ் இசைத்தட்டு, பாடுகிற அந்த அம்மா மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டிருக்கும் படம் போட்ட அட்டை, அதை உன் அம்மா போட்டுவிட்டுப் போனாள். இதே தட்டுக்காக நான் எத்தனை தடவை கதவைத் தட்டியிருக்கிறேன், இவங்களுக்குச் சாப்பாடே போடலையா, கொஞ்சம் சத்தமா பாடக் கூடாதா என்று. முதல் நாள் அந்தச் சர் சர் சத்தத்தைக் கேட்டு, டிரம்ஸ்காரர் தரையைப் பெருக்குகிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் நாள், தாளம் முன்னால் போக அந்த அம்மா ஒரு எட்டு பின்னால் நிதானமாக நடந்து வருவது தெரிந்தது. நாலாம் நாள் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. ஒரு மெஷின் பழுதில்லாமல் ஓடினால் சத்தம் குறையும், அதை வைத்தே பக்கத்து அறையிலிருந்து கண்டுபிடித்துவிடுவேன், ஆனால் மனுஷர் பேச்சுக்கும் அது பொருந்தும் என்று இத்தனை வருஷம் தோன்றவில்லை பார். பாட்டில் பாதி வார்த்தை எனக்குப் புரியவில்லை. நான் பிறப்பதற்கு முன்னால் பாடியது என்று அட்டையில் போட்டிருக்கிறது, ஆனாலும் நேற்று மத்தியானம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு மட்டும் சொன்ன மாதிரி இருக்கிறது. உரக்கப் பாடியவர்கள் எல்லாம் அந்தந்தக் காலத்தோடு போய்விட்டார்கள், இவர் போகவில்லை. நம்மை இழுத்து உட்கார வைக்காமல், நாமாகக் கிட்டப் போய் உட்கார வைக்கிறார், எனக்குத் தெரிந்த காரணம் அதுதான்.

திங்கட்கிழமை பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் போனேன். கத்தவும் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல் பேசுங்கள் என்றாள். அது எப்படி என்று எனக்கு ஏற்கனவே தெரியும், என் மகள் தட்டு வைத்திருக்கிறாள் என்று எழுதிக் காட்டினேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஹாலில் இருந்தே அம்மாவிடம் தண்ணீர் கேட்டேன், அடுப்படிக்கு எட்டவில்லை. எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்று கேட்க வேண்டியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்கிறாள், குரல் இப்படியே இருந்துவிட்டால் அவளுக்கு ஒன்றும் வருத்தம் இருக்காது போலிருக்கிறது.

புது வேலையில் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையின் இருமலை ஒரு டாக்டரிடம் காட்டு, நான் தள்ளிப்போட்டது போதும். தட்டைத் திருப்பித் தரும் உத்தேசம் எனக்கு இல்லை, வேண்டுமானால் வந்து கேட்டுவிட்டுப் போ.

இரண்டு நாளில் இது கைக்கு வந்துவிடும் என்று கூரியர்காரர் அடித்துச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கூப்பிடு, நானே எடுப்பேன். ஐந்து நிமிஷம் பேச அனுமதி, முதலில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். நான் பேசும்போது நீ போனை ஒரு கை தூரத்தில் பிடித்துக்கொள்வாய் என்று மாப்பிள்ளை ஒரு தடவை உளறிவிட்டார். இந்தத் தடவை காதோடு ஒட்டி வைத்துக்கொள் அம்மா.

எந்தக் குறையும் இல்லாமல் இருவரும் நன்றாக இருங்கள்.

உன்மேல் கோபமே இல்லாத,
அப்பா