கோட்டைக்குள் எட்டு வெள்ளைக் காய்கள்

அண்ணா,

கவுன்சில்காரர்கள் பழைய சாமான்களை அள்ளிக்கொண்டு போகிற வாரம் இது. டூங்கபியில் எங்கள் தெரு முழுக்க மெத்தைகளும் உடைந்த சைக்கிள்களும் கிடக்கின்றன. கராஜைக் காலி பண்ணச் சொல்லி வீட்டில் மூன்று நாளாக நச்சரிப்பு. இன்று காலை ஒருவழியாக இறங்கினேன். பழைய கூடாரத்துக்கு அடியிலிருந்து, நீங்கள் போனபிறகு நான் திறக்காத அந்த ஜப்பான் விளையாட்டுப் பெட்டி வந்தது. வரைபடத்தை விரித்தால், அகழிக்குப் பக்கத்தில் உங்கள் பிளேன்டீ கோப்பை வைத்த பழுப்பு வட்டம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதைத் தெருவில் வைக்க மாட்டேன் என்று உள்ளே பார்த்துக் கத்தியும்விட்டேன்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, இரண்டு மணி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அப்பாக்களில் நாம் இருவர். நீங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு நேராக வருவீர்கள். நான் வாரம் முழுக்கக் கணினியைப் பார்த்துவிட்டு, யாரிடமாவது வாயாடினால் போதும் என்று வருவேன். அலுவலக வேலையாக ஒசாகா போய்வந்ததிலிருந்து எனக்குச் சாமுராய்ப் பைத்தியம். அந்த முற்றுகை விளையாட்டை வாங்கி ஆறு மாதமாகியும் எதிரே உட்கார ஆள் கிடைக்கவில்லை. கான்டீன் பெஞ்சில் அதை விரித்ததும், "இது கரம்போர்ட் மாதிரியோ தம்பி?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தவர் நீங்கள்தான்.

கோட்டை உங்களுக்கு, சுற்றி வளைக்கும் படை எனக்கு. கறுப்புக் காய்கள் உங்கள் வீரர்கள், சிவப்பு என்னுடையவர்கள். மிச்சம் எட்டு வெள்ளைக் காய்கள், சுற்றுவட்டார உழவர்கள். சண்டை தெரியாது, சோறு மட்டும் தின்பார்கள். அவர்களை முதலில் கோட்டைக்குள் விரட்டிவிட வேண்டும். வாய் கூடக் கூட உள்ளே அரிசி சீக்கிரம் தீரும். பனி விழுவதற்குள் தீர்ந்தால் கோட்டை எனக்கு. தீராவிட்டால் நான் தோற்றுப் படையைக் கலைக்க வேண்டும். அந்தக் காலத்து ஜப்பானில் உண்மையிலேயே இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று, ஏதோ நானே போய்ப் பார்த்துவந்த மாதிரி அளந்துகொண்டிருந்தேன்.

"அரிசி தீர்ந்துட்டா உள்ள இருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க, சொல்லுங்க பார்ப்போம்?" என்று பரீட்சை வேறு வைத்தேன்.

"கஞ்சி காய்ச்சுவினம். தண்ணியைக் கூட விட்டு."

நான் சிரித்தேன் அண்ணா. நல்ல ஜோக் என்று பெஞ்சைத் தட்டிச் சிரித்தேன். குதிரையைத் தின்பார்கள், அப்புறம் மரப்பட்டை என்று சரியான விடையையும் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் டீயைக் குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

இன்னொரு விதியும் உண்டு. உள்ளே இருப்பவர் வாசலைத் திறந்து வெள்ளைக் காய்களை வெளியே அனுப்பலாம். சுற்றி நிற்பவன் அவர்களைப் போக விடலாம், அல்லது திருப்பி உள்ளே துரத்தலாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் நீங்கள் வாசலைத் திறந்தீர்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் நான் துரத்தினேன். மூளை இருக்கிறவன் யாராவது விடுவானா? திரும்பி வந்தவர்களை நீங்கள் மதிலோரமாக, அம்பு படாத கட்டங்களில் ஒவ்வொருவராக உட்கார வைப்பீர்கள். இவருக்கு விளையாட்டு இன்னும் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் மகளின் பிறந்தநாளுக்கு வென்ட்வேர்த்வில்லில் உங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் அக்கா, உங்கள் மனைவி, சொன்னார். "உங்களோட விளையாடிப்போட்டு வந்தா அண்டைக்கு முழுக்கக் கதைக்க மாட்டார். ஆனா சனிக்கிழமை எண்டா வெள்ளனவே வெளிக்கிட்டு நிப்பார்." பிறகு மீதியையும் சொன்னார். வன்னியில் போரின் கடைசி மாதங்களை நீங்கள் அப்படியொரு முற்றுகை வளையத்துக்குள்தான் கழித்தீர்கள். வேகமாக நடக்க முடியாத அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு தரம் வெளியே வரப் பார்த்தீர்கள். இரண்டு தரமும் மறித்துத் திருப்பிவிட்டார்கள். மூன்றாம் தரம் தனியாக வந்தீர்கள்.

கையில் கேக் தட்டோடு நின்றேன். எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை வேறொரு விளையாட்டை எடுத்துவந்தேன், ரயில் பாதை போடுகிற ஒன்று. அதைத் தொடக்கூட இல்லை நீங்கள். "அந்தப் பெட்டியைக் கொண்டு வாங்கோ" என்றீர்கள். அதற்கடுத்த வாரம் கொண்டுவந்தேன். வெள்ளைக் காய்கள் வாசலுக்கு வந்ததும் பேசாமல் வழிவிட்டேன். உங்களுக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காய்களை நீங்களே திரும்ப உள்ளே எடுத்து வைத்தீர்கள்.

"பிச்சை போடாதேங்கோ தம்பி. நீங்கள் மறிக்கத்தான் வேணும். நான்தான் கொண்டு வரோணும்."

ஆகவே மறித்தேன். இன்னும் இரண்டு வருடம், பள்ளி விடுமுறை தவிர எல்லாச் சனிக்கிழமையும். வடக்கு வாசலில் போலிச் சண்டை மூட்டிவிட்டுத் தெற்கே திறந்தீர்கள். ஒருமுறை மூன்று காய்கள் வரைபடத்தின் ஓரத்துக்கு இரண்டே கட்டம் இருக்கும்வரை வந்துவிட்டன. அவர்களை மறிக்க எனக்குப் பகடையில் ஐந்தோ ஆறோ விழ வேண்டும். ஐந்துக்குக் கீழே விழட்டும் என்று வேண்டிக்கொண்டே உருட்டினேன். ஆறு விழுந்தது.

"சண்டையைப் படத்தில பார்த்த ஆளுக்கு நல்லாத்தான் விழுது" என்று சிரித்தபடி மூன்றையும் பின்னால் நகர்த்தினீர்கள்.

பிறகு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். பள்ளிக்கு வருவது நின்றது. கடைசியாக மருத்துவமனைக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி அக்காவிடம் சொல்லியனுப்பினீர்கள். பிற்பகல் வெயில் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுப் பலகையில் வரைபடத்தை விரித்தேன்.

"இண்டைக்கு நான் வெளியில நிக்கிறன். நீங்கள் உள்ள போங்கோ."

நான்கு வருடத்தில் முதல் தடவை. சிவப்புக் காய்களைக் கோட்டையைச் சுற்றி நெருக்கமாக அடுக்கினீர்கள்; என்னைவிட நன்றாகவே வளைத்தீர்கள். மூன்றாம் முறையில் என் அரிசி குறைந்தது. வாசலைத் திறந்து எட்டு வெள்ளைக் காய்களையும் வெளியே வைத்துவிட்டு உங்கள் கையைப் பார்த்தேன்.

ஊசி குத்தியிருந்த அந்தக் கையால் உங்கள் படையில் இரண்டு காய்களை விலக்கினீர்கள். நடுவே ஒரு வழி வந்தது. பிறகு என் காய்களை நீங்களே எடுத்து, ஒவ்வொன்றாக வரைபடத்துக்கு வெளியே, போர்வைமேல் கொண்டுபோய் வைத்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. உதவிக்கு நீண்ட என் கையைத் தலையசைத்து வேண்டாம் என்றீர்கள்.

"இப்படி விட்டா நீங்க தோத்துடுவீங்கண்ணா" என்றேன்.

"ஓம், தோக்கிறன்."

ஏழு பேர் போய்விட்டார்கள். எட்டாவதை மட்டும் நீங்கள் தூக்கவில்லை. விரல் நுனியால் ஒரு கட்டம் தள்ளினீர்கள். நிறுத்தினீர்கள். இன்னொரு கட்டம். நான் நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை.

"இவ மெல்லத்தான் நடப்பா" என்றீர்கள்.

ஓரம் வரை ஒன்பது கட்டங்கள். நீங்கள் அவசரப்படவே இல்லை. அத்தனை சனிக்கிழமையும் உங்கள் அம்மாவை மறித்துத் திருப்பியது என் கைதான், அண்ணா. அதே கையால்தான் இதை எழுதுகிறேன்.