கோட்டுப் போட்டு மலை ஏறியவர்

ஹொல்ஸ்டெப்ரோ, டென்மார்க்
08.06.1986

அன்புள்ள செல்வி எமிலியா அவர்களுக்கு,

முன்பின் தெரியாத ஒருவன் எழுதுகிறேனே என்று பிழையாக நினைக்க வேண்டாம். உங்கள் அண்ணன் சூசைதாசனும் நானும் மன்னாரில் ஒன்றாகப் படித்தவர்கள். அவர்தான் பாரிஸிலிருந்து உங்கள் முகவரியை அனுப்பினார். "கலியாண விசயம் அவளுக்கு நேர எழுது மச்சான், நான் சொன்னாக் கேக்கமாட்டாள்" என்று எழுதியிருந்தார். அதனால்தான் இந்தத் துணிச்சல்.

எனக்கு வயது முப்பத்தொன்று. இங்கு வந்து இரண்டு வருடமாகிறது. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. நவரத்தினம் அண்ணையோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். சமையல் என்னுடையது, குறை சொல்வது அவருடையது. குடி, சிகரெட் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மலை ஏறுவேன். இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். கயிறும் பையுமாக உச்சியில் எடுத்தது.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
அ. கிறிஸ்துநாயகம்

*

அன்னா மலைவிடுதி, சுவிஸ்
22.06.1986

திரு. கிறிஸ்துநாயகம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கீழே ஊர்வரைக்கும்தான் தபாலில் வந்தது. மிச்சத் தூரம் ஒரு தம்பதியின் முதுகுப் பையில் வந்தது. இங்கு அப்படித்தான். மலையில் நடக்க வருகிறவர்கள் ஒரு விடுதியில் தங்கிச் சாப்பிட்டு, மறுநாள் அடுத்த விடுதிக்குப் போவார்கள். கடிதங்களும் அவர்களோடு போகும். நான் சமையலறையில் அறுபது பேருக்கு உருளைக்கிழங்கு உரிக்கிறேன். பேசாலைக் கடற்கரையில் பிறந்தவளுக்கு இவ்வளவு உயரத்தில் வேலை கிடைத்திருக்கிறது, பாருங்கள்.

அண்ணன் இதற்கு முன் இரண்டு பேரைப் பேசினார். ஒருவருடைய படம் பத்து வருடம் பழையது. மற்றவர் எஞ்சினியர் என்றார், இல்லை. அண்ணன் விசாரித்துத்தான் இரண்டும் தெரியவந்தது. அதனால் இனிப் படத்துக்கு நான் ஓம் சொல்வதில்லை. ஆளைப் பார்க்க வேண்டும். செப்டெம்பர் கடைசிவரை எனக்கு லீவு கிடையாது, என்னுடைய அகதிக் கடதாசியோடு எல்லை தாண்டவும் முடியாது.

நீங்கள்தான் மலை ஏறுபவராயிற்றே! முதல் நாள் ஏறிக் கறுப்பேரி விடுதியில் தங்கலாம். மறுநாள் கணவாயைத் தாண்டினால் நாங்கள். உங்களுக்கு இதெல்லாம் ஒரு நடையா?

இப்படிக்கு,
எமிலியா

*

ஹொல்ஸ்டெப்ரோ
05.07.1986

அன்புள்ள எமிலியா அவர்களுக்கு,

வருகிறேன். பயணப் பத்திரம் கையில் இருக்கிறது, லீவும் கிடைத்துவிட்டது. 21ஆம் திகதி கறுப்பேரி, 22ஆம் திகதி உங்களிடம். வேலைத்தள நண்பர் பவுலிடம் சொன்னேன். "அல்ப்ஸா? நீயா?" என்று சிரித்தார். ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை.

அன்புடன்,
கிறிஸ்துநாயகம்

*

கறுப்பேரி விடுதி
22.07.1986, காலை

அன்புள்ள எமிலியா,

உங்கள் பக்கம் நடந்து வரும் ஓர் ஆசிரியையிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். நான் இங்கேயே இருக்கிறேன். இதற்கு மேல் என்னால் ஏற முடியவில்லை.

"பொம்பிளை பாக்கப் போறவன் கோட்டும் தோல் சப்பாத்தும் இல்லாமல் போறதே?" என்று நவரத்தினம் அண்ணை கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கறுப்புக் கோட்டு, டை, புதுச் சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு ஏழு மணி நேரம் ஏறினேன். விடுதிக்குள் நுழைந்ததும் ஒரு பெரியவர் என்னிடம் இரண்டு சூப் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். சப்பாத்து பிளந்துவிட்டது. இரண்டு காலிலும் கொப்புளம். கணவாய்க்கு முன்னால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பாறையோரமாகப் போக வேண்டுமாம். அதைக் கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். நான் மலை ஏறுபவன் இல்லை. படத்தில் உள்ள இடத்துக்கு டென்மார்க்காரர் வானமலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உயரம் 147 மீற்றர். கார் போகும். மேலே ஐஸ்கிறீம் விற்பார்கள். கயிறும் பையும் பவுலுடையவை. அங்கேயும் நான் ஒரே ஒரு முறைதான் போனேன். எழுதும்போதே பொய் என்று தெரியும். பன்றி வெட்டுகிறவன் வேறு எதைச் சொல்லிப் பெருமைப்படுவது என்று நினைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

24ஆம் திகதி எனக்கு ரயில். உங்களைப் பார்க்காமலே திரும்பப் போகிறேன் போலிருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துநாயகம்

*

அன்னா விடுதி
22.07.1986, மதியம்

கிறிஸ்துநாயகம் அவர்களுக்கு,

மூன்றாவது ஆளும் பொய்! வாசித்ததும் கரண்டியைத் தூக்கி எறிந்தேன். விடுதிக்கார அம்மா ஓடி வந்தார். அவருக்கு ஜேர்மன் மொழியில் சொன்னேன். ஐஸ்கிறீம் வந்த இடத்தில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கோபம் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்ற இருவரும் பிடிபட்டவர்கள். நீங்கள் நீங்களாகவே எழுதினீர்கள். அதனால் நாளை விடிய நான் வருகிறேன். ஓம் சொல்ல வருகிறேனா, இல்லை என்று சொல்ல வருகிறேனா என்று எனக்கே தெரியாது. பின்னேரச் சூப்புக்கு நான் திரும்பிவிட வேண்டும். இதைக் கொண்டுவரும் இரண்டு பெடியன்களும் வேகமாக நடப்பார்கள், இரவுக்குள் கிடைக்கும். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

எமிலியா

*

அன்னா விடுதி
26.07.1986

அன்புள்ள நாயகம்,

இப்போது வீடு போய்ச் சேர்ந்து, நவரத்தினம் அண்ணையிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

நான் கதவைத் திறந்தபோது நீங்கள் வெந்நீர்ச் சட்டிக்குள் கால் வைத்திருந்தீர்கள். அவசரமாக எழும்பித் தண்ணீர் முழுவதையும் கொட்டினீர்கள். அந்தப் பெடியன்கள் எல்லாருக்கும் கதை சொல்லியிருந்தார்கள் போல. விடுதியே கை தட்டியது. வெட்கத்தில் எனக்கு உயிர் போயிற்று. பிறகு ஒரு மணி நேரம் வெயிலையும் மழையையும் பற்றிக் கதைத்தோம். நல்ல மனிசன், ஆனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே என்றுதான் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்க்காரி.

நான் திரும்ப வெளிக்கிட்டபோது, காலில் துணி சுற்றி, யாரோ கொடுத்த பெரிய சப்பாத்தை மாட்டிக்கொண்டு கூட வந்தீர்கள். சங்கிலிப் பாறையடியில் "இதோட நில்லுங்கோ, நான் போவன்" என்றேன். கீழே எட்டிப் பார்த்தீர்கள். முகத்தில் இரத்தமே இல்லை.

"சரியான பயமாக் கிடக்கு எமிலியா. எண்டாலும் அந்தப் பக்கம்வரைக்கும் வாறன்."

வந்தீர்கள். "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கிப் பயத்தில் மிச்சம் மறந்து, அந்த முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். மிச்சத்தை நான் சொல்லி முடித்தேன். அப்படியே தாண்டினோம்.

அந்தப் பக்கம் போனதும்தான் எனக்கு உறைத்தது. நீங்கள் தனியே திரும்ப வேண்டும். அது உங்களுக்கு முதலே தெரியும், தெரிந்துகொண்டுதான் வந்தீர்கள். தலையை ஆட்டிவிட்டுச் சங்கிலியைப் பிடித்தீர்கள். உங்கள் கறுப்புக் கோட்டு பாறையோடு ஒட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாய்ப் போனது. நான் அசையவில்லை. நீங்கள் மறுபக்கம் நின்று கை காட்டியபோதுதான், இவ்வளவு நேரமும் நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "மாதாவே, என்ர மனிசனுக்கு ஒண்டும் ஆகக்கூடாது."

அன்று சூப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். அறுபது பேரும் பேசாமல் குடித்தார்கள்.

கடதாசி வேலைகளுக்கு எத்தனை மாதம் எடுக்குமோ, எடுக்கட்டும். அண்ணனுக்கு இன்னும் எழுதவில்லை. முதலில் உங்களுக்குத்தான்: ஓம்.

உங்கள்
எமிலியா